இடது பக்கத்து பிரேக்

மார்ச் 3, ஞாயிறு

சுகந்தி இன்றும் ஒரு பூனையிடம் தோற்றாள்.

வாலில் நெருப்பு வைத்துக்கொண்டு திரியும் பூனை. 'கிரிட்டாரா' என்ற வீடியோ கேமில் வருகிறது. காட்டுக்குள் போய் விதவிதமான ஜந்துக்களோடு சண்டை போட்டு, அவை களைத்ததும் பிடித்து வளர்த்து, ஊர் ஊராகப் போய்க் கோட்டைத் தலைவர்களோடு மோத வேண்டும். நாற்பத்தொரு வயதில் இதென்ன விளையாட்டு என்று கேட்டவர்களை எல்லாம் சுகந்தி முறைத்தே விரட்டியிருக்கிறாள். என் பெண்டாட்டி டிரைவிங் ஸ்கூலில் கார் சொல்லித்தருகிறவள். ஒரு மாணவி இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் வண்டியில் உட்கார்ந்தபடியே கையடக்கக் கேம் பெட்டியில் ஒன்றைப் பிடித்துவிடுவாள். வீட்டில் அதையே டிவியில் மாட்டி ஆடுவாள். பிடித்ததற்கெல்லாம் பெயரும் வைப்பாள். பால் நிறத்தில் வழவழவென்று ஒன்று இருக்கிறது, அதன் பெயர் ஜிகர்தண்டா. முதுகில் பாறை முளைத்த ஆமைக்கு அம்மிக்கல்.

அதெல்லாம் பொங்கலுக்கு முன்பு. பொங்கல் கழிந்து ஒரு காலையில் கால் மரத்துப்போய் விழுந்தாள். மறுநாள் கை. அதற்கடுத்த நாள் மூச்சு, தொண்டையில் குழாய் விட்டார்கள். கில்லன் பாரே என்று டாக்டர் சொன்னபோது யாரோ வெளிநாட்டுக்காரரை அறிமுகப்படுத்துகிறார் என்று நினைத்தேன். உடம்பே தன் நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் வியாதியாம். வயரில் ரப்பர் போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இருபது வருடமாக மைக்செட் கட்டிப் பிழைக்கிறேன்.

உறை திரும்ப வளரும், எவ்வளவு நாளில் என்று கேட்காதீர்கள் என்றார் டாக்டர். கேட்கவில்லை. இன்று அவள் விரல்கள் பொத்தானை இரண்டு முறை தட்டின. மூன்றாவது தட்டுக்குள் பூனை அடித்துவிட்டது. ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டாள். அவள் அழாமல் இருந்தால் எனக்குப் பாதி உயிர் வருகிறது.

மார்ச் 4, திங்கள்

பிசியோதெரபிக்கு வரும் நிஷா டிவியைப் பார்த்துவிட்டு, "செட்டிங்ஸ்ல ஆக்ஸசிபிலிட்டின்னு இருக்கும் சார், போய்ப் பாத்தீங்களா?" என்றாள்.

போய்ப் பார்த்தோம். அடேயப்பா. கை கால் முடியாதவர்களுக்கென்று அப்படி ஒரு பக்கம் இருப்பது இத்தனை வருடம் ஆடியவளுக்கே தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கலாம். அடிக்கடி தட்டுவதற்குப் பதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும் என்று மாற்றலாம். ஒரு கையால் ஆடலாம். எந்தப் பொத்தானை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வரிசையாகத் தள்ளுகோல்கள், சத்தத்தை ஏற்றி இறக்கும் எங்கள் மைக்செட் மிக்ஸரைப் போலவே. எனக்கு அந்தப் பக்கம் பிடித்துப்போயிற்று. அவளால் மெனுவில் ஓட முடியாததால் நான்தான் ரிமோட்டைப் பிடித்தேன். அவள் சொல்லச் சொல்ல வைத்தேன்.

"டைமிங் அசிஸ்ட்" என்று ஒன்று வந்தது. எதிரி அடிக்க வரும்போது திரையில் ஒரு வளையம் சுருங்கும். அது நடுப்புள்ளியைத் தொடும் கணத்தில் அமுக்கினால் அடியைத் தடுக்கலாம். முந்தினாலும் பிந்தினாலும் அடிதான். இந்தத் தள்ளுகோலைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை தள்ளத் தள்ள, கேம் நம் தாமதத்தை மன்னித்துக்கொண்டே போகும்.

"இத வைக்கவா?"

"அது வேணாங்க. பூஜ்யத்துலயே இருக்கட்டும்."

"மத்ததெல்லாம் வச்சோம்ல?"

"மத்ததெல்லாம் என்னைய உள்ள விடுறதுக்கு. வேணுங்கிறவுக இதையும் வச்சு ஆடலாம், தப்பே இல்ல. ஆனா நா எவ்வளவு லேட்டுன்னு எனக்குத் தெரியணும்."

அமுக்கிப் பிடித்தே பூனையைக் களைப்பாக்கிப் பிடித்துவிட்டாள். பெயர் பஜ்ஜி.

மார்ச் 9, சனி

இன்று நான் ஒரு விஞ்ஞானி. கச்சேரிகளில் கீபோர்டுக்காரர் காலால் மிதிப்பாரே, சஸ்டெயின் பெடல், அதில் பழையது ஒன்று கடையில் கிடந்தது. அதன் பின்னை மாற்றிப் பற்றவைத்து, வெளிப்பொத்தான் சொருகும் அடாப்டர் வழியாக கேமில் இணைத்துவிட்டேன். வளையத்துக்கு இனி விரல் வேண்டாம். வலது காலால் மிதித்தால் போதும்.

சுகந்தி அதை ஒரு முறை மிதித்தாள். டக். இன்னொரு முறை. டக்.

"ஏங்க, இது பிரேக்குங்க," என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து இரண்டு மாதம் இருக்கும். தெரு முனை வரைக்கும் கேட்கும்படி சிரித்தேன்.

மார்ச் 15, வெள்ளி

டிரைவிங் ஸ்கூல் முதலாளி சகாயம் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். மும்தாஜ் டீச்சர் தினமும் கேட்கிறாராம். நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஸ்டியரிங் பிடிக்கப்போகிறவர், சுகந்தி சொல்லித்தந்தால்தான் கற்றுக்கொள்வேன் என்று உட்கார்ந்திருக்கிறாராம்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கம், சொல்லித்தருகிறவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அதை மிதிப்பார்கள். பலரும் அதைச் சத்தம் போடாமல் மிதிப்பார்கள். வலது பக்கம் இருப்பவர் தானே நிறுத்தியதாகச் சந்தோஷப்படுவார், பணம் கட்டியவர் சந்தோஷப்படட்டுமே என்று விட்டுவிடுவார்கள். சுகந்தி மட்டும் ஒவ்வொரு முறையும், மிதித்த அந்த நிமிடமே, "நான் மிதிச்சேன்" என்று சொல்லிவிடுவாள். ஒரு நாளைக்கு நூறு முறை என்றாலும் நூறு முறையும் சொல்வாள். கேட்கிறவர்களுக்கு அழுகையே வரும்.

"சொல்லாம மிதிச்சா என்னண்ணே ஆகும்? லைசென்ஸ வாங்கிட்டு ஒத்தையில ரோட்டுக்குப் போவாக. அங்க யாரு மிதிப்பா?" இது அவள் எப்போதும் சொல்வது. இன்றும் சொன்னாள்.

சகாயம் அண்ணன் போகும்போது வாசலில் என்னிடம், "எனக்கு டாக்டர் சீட்டெல்லாம் வேணாம் ரத்தினம். தங்கச்சி 'ரெடி'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், சாவியக் குடுத்துருவேன்," என்றார்.

மார்ச் 18, திங்கள்

பங்குனி முகூர்த்தம். இரண்டு மண்டபம், ஒரு காதுகுத்து. மணப்பெண்ணின் சித்தப்பா பாடியே தீருவேன் என்று மைக்கைப் பிடித்தார். கீழே மிக்ஸரில் அவர் குரலைக் கொஞ்சம் இறக்கி, எதிரொலியைக் கொஞ்சம் ஏற்றி, கூடவே பாடகர் பாடிய ட்ராக் பாட்டை உள்ளே விட்டேன். மண்டபமே கைதட்டியது. இறங்கி வந்து, "எங்குரல் எப்பிடி?" என்றார். பிரமாதம் சார் என்றேன். இருபது வருடமாக நான் செய்யும் தொழிலே இதுதான். யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 22, வெள்ளி

அழுதாள்.

பெடலை மிதித்துக்கொண்டே இருந்தாள். வளையம் புள்ளியைத் தொட்டு மறைந்த பிறகுதான் டக் என்று சத்தம் வருகிறது. ஒவ்வொரு தடவையும். கால் இருக்கிறது, வலு இருக்கிறது, சொன்னால் கேட்கிறது, ஆனால் யோசித்துவிட்டுக் கேட்கிறது. பஜ்ஜி செத்தது, அம்மிக்கல் செத்தது, கடைசியில் ஜிகர்தண்டாவும். "எங்காலு எனக்கு ஃபோன் போட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருதுங்க," என்று சொல்லிச் சிரிக்கப்போய், சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. நான் காபி போடப் போவதாகச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றேன். பால் பொங்கி வழிந்தது.

மத்தியானம் அவள் தூங்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தேன். டைமிங் அசிஸ்ட் பூஜ்யத்தில் இருந்தது. இரண்டு வைத்தேன். இரண்டு என்பது ஒன்றுமே இல்லை. மிக்ஸரில் இரண்டு புள்ளி ஏற்றினால் நாய்க்குக்கூடத் தெரியாது.

மார்ச் 23, சனி

சாயங்காலம் ஆடினாள். ஒன்றைத் தடுத்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வீட்டைத் தலைகீழாக்கிக் கத்தினாள். இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மார்ச் 29, வெள்ளி

வாசல் கேட் வரை எதையும் பிடிக்காமல் நடந்தாள். நிஷா, "வலு நல்லா வந்திருச்சு மேடம். வேகந்தான் போகப்போக வரணும்," என்றாள். சுகந்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். வேகமெல்லாம் வந்தாயிற்று என்று அர்த்தம்.

நான்கு வைத்திருக்கிறேன். மனசு சந்தோஷமாக இருந்தால் நரம்பு சீக்கிரம் வளரும் என்று எங்கோ படித்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

"நார்மல் ரொம்ப ஈஸியா இருக்குங்க. டிஃபிகல்ட்டிய ஹார்டுல வைங்க."

வைத்தேன். ஹார்டில் எதிரிகள் முரட்டு அடி அடிக்கும், வளையமும் வேகமாகச் சுருங்கும். ஆகவே அவள் பல் தேய்க்கும்போது ஆறும் வைத்தேன். செட்டிங்ஸ் பக்கம் அவள் வருவதே இல்லை. அது உங்க டிபார்ட்மெண்ட் என்பாள்.

ஏப்ரல் 6, சனி

நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் அவள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, ஹார்டுல ஆடுறேண்ணே. பத்து அடி வந்தா எட்டு ஒம்பது தடுத்துர்றேன். அதும் காலால... ஆமாண்ணே, பெடலுதான், பிரேக்கு மாதிரியே... ஏழாங்கோட்டைத் தலைவி இருக்கா, அவள ஜெயிச்சுட்டேன்னு வைங்க, அன்னைக்கே நான் ரெடி. மும்தாஜ் டீச்சர்ட்ட சொல்லிருங்க."

ஃபோனை வைத்ததும், "ஏய், கேம வச்சா வண்டியில உக்காருவ?" என்றேன்.

"கேம வச்சு இல்லங்க. கால வச்சு. அது எனக்கு மீட்டர் மாதிரி. வளையம் பொய் சொல்லாது. நீங்க அன்பா இருக்கீங்க, நிஷா அன்பா இருக்கா, டாக்டரு சிரிக்கிறாரு. எங்கிட்ட அன்பில்லாம நடந்துக்கிறது அந்த வளையம் ஒண்ணுதான்."

சரிதான் என்று சொன்னேன்.

ஏப்ரல் 8, திங்கள்

மெதுவாக இறக்கிவிட்டால் போயிற்று. ஏற்றியதும் தெரியவில்லை, இறக்குவதும் தெரியாது. ஆறிலிருந்து மூன்று. அவளுக்கு நிஜமாகவே ஓரளவு வேகம் வந்திருக்கும்தானே.

ஏப்ரல் 9, செவ்வாய்

எல்லாம் தவறிக்கொண்டே இருந்தது. "இன்னைக்கு ஏதோ அசதி" என்று டிவியை அணைத்துவிட்டாள்.

ஏப்ரல் 10, புதன்

சாப்பிடவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது பாதத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு விரலாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க மரத்த மாதிரி இருக்கு. இங்கயும். ஏங்க, போன தடவையும் இப்பிடித்தான ஆரம்பிச்சுச்சு?"

"ஒண்ணுமில்ல சுகந்தி. வெயிலு."

"முந்தாநேத்து வரைக்கும் தடுத்தேன். நேத்துல இருந்து ஒண்ணும் முடியல. திரும்ப வருதுங்க அது." பிறகு ரொம்பச் சன்னமாக, "அந்தக் குழாய மட்டும் தொண்டையில வுட வேணாம்னு சொல்லிருங்க. எது நடந்தாலும்," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 11, வியாழன்

ஆஸ்பத்திரி. முழங்காலில் சின்ன சுத்தியலால் தட்டினார்கள், பாதத்தில் கம்பியால் கீறினார்கள், நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சுகந்தி என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். போன தடவையைவிட நன்றாகவே இருக்கிறது, எதற்குப் பயந்தீர்கள் என்றார் டாக்டர்.

"வேகம் கொறஞ்சிருச்சு சார்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

அவள் பெடலைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் ஆச்சரியப்பட்டு, எங்கள் இரண்டு பேரையும் பாராட்டினார். நான் சுவரில் மாட்டியிருந்த நரம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் அவள் நம்பவில்லை. மெஷினுக்குத் தெரியாதது என் காலுக்குத் தெரியும் என்றாள். அவள் குளிக்கப் போனதும் மறுபடி ஆறு வைத்தேன். வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இருந்தது, எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு. தமிழ்ப் புத்தாண்டு

ஏழாம் கோட்டைத் தலைவி தோற்றாள். ஜிகர்தண்டா கடைசி அடியை அடித்தது. சுகந்தி எழுந்து நின்று, ஊன்றுகோல் இல்லாமல், சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு அவளே அடுப்பில் நின்று பாயசம் வைத்தாள். பக்கத்து வீடு, எதிர் வீடு என்று எல்லோருக்கும் கொடுத்தனுப்பினாள். சகாயம் அண்ணனுக்கு ஃபோன் போட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"ரெடிண்ணே."

இம்மாதம் 29, திங்கட்கிழமை காலை. மும்தாஜ் டீச்சருக்கு முதல் வகுப்பு.

பாயசத்தில் முந்திரி நிறைய. என் பங்கையும் எதிர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 20, சனி

சித்திரைத் திருவிழா. தெருவுக்குத் தெரு நம்முடைய ஸ்பீக்கர் குழாய்தான் கட்டியிருக்கிறது. சோறு தின்ன நேரமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் வீட்டுக்குப் போகாமல் இருக்க இது நல்ல சாக்கு.

இன்று காலை சொல்லத்தான் போனேன். "சுகந்தி, அந்த கேம்ல..." என்று ஆரம்பித்தேன். அவள் டிரைவிங் ஸ்கூல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் பீரோவில் இருந்த சட்டை. "கேம்ல?" என்று நிமிர்ந்தாள். "எட்டாங்கோட்டை எப்ப?" என்று கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

மும்தாஜ் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே இரண்டு பெண் குழந்தைகள். முதல் நாள் அம்மா ஓட்டுவதைப் பின் சீட்டிலிருந்து பார்க்க வேண்டுமாம். "டீச்சர் பக்கத்துல இருக்கும்போது என்ன பயம்?" என்றார் அவர். டீச்சர் என்று அவர் சொன்னது சுகந்தியை.

குழந்தைகளுக்கு பிஸ்கட் எடுத்து நீட்டினேன். சின்னது என் விரலைப் பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 27, சனி

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதப்போகிறேன்.

காலையில் சகாயம் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். திங்கட்கிழமைக்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சுகந்தி கேட்டிருந்தாள். கற்றுக்கொள்கிறவர் இடத்தில் உட்கார ஆள் வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவிங் டீச்சர் புருஷனுக்கு கார் ஓட்டத் தெரியாது என்பது எங்கள் தெருவின் நிரந்தர நகைச்சுவை. "நீங்கதான் என் மொத ஸ்டூடன்ட்," என்று என்னை வலது பக்கம் தள்ளினாள்.

ஊமச்சிகுளம் தாண்டி, பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் பொட்டல். சகாயம் அண்ணன் வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்து நின்றார். முதல் அரைமணி நேரம் வண்டி தவளையாகக் குதித்தது. சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சட்டையில், அந்த இடத்தில், அவள் பழைய சுகந்தியாக இருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கியரை மாற்றத் தெரியாமல் மாற்றினேன்.

பிறகு பொட்டலின் அந்தக் கோடிக்குக் கூட்டிப்போனாள். எதிரே தூரத்தில் காம்பவுண்டுச் சுவர். அதற்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த ஒரு எல்லைக்கல்.

"நேரா சுவத்தப் பாத்துப் போங்க. ரெண்டாவது கியர்ல வச்சு நல்லா மிதிங்க. அந்தக் கல்லு வந்ததும் நான் நிறுத்துவேன். நீங்க பிரேக்குல காலு வைக்கவே கூடாது. எனக்கு என் காலப் பாக்கணும்."

"வேணாம் சுகந்தி."

"அட, சும்மா போங்க. ஹார்டுல ஜெயிச்ச காலு இது."

போனேன். வண்டி இரைந்தது. சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. கல் வந்தது. கல் போனது. ஓரக்கண்ணில் அவள் முழங்கால் தெரிந்தது. அது அப்போதுதான் எழும்பத் தொடங்கியிருந்தது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை. இரண்டு காலாலும் பிரேக்கை அமுக்கினேன். வண்டி உலுக்கிப் போட்டு நின்று, என்ஜின் அணைந்தது. புழுதி எங்களை முந்திக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

சுவருக்கும் எங்களுக்கும் இடையே இன்னொரு கார் நிற்கலாம். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அவள் மூச்சு வாங்க, குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவள் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது, அடி வரைக்கும் அமுங்கி. கடைசியில் அவளும் மிதித்திருந்தாள்.

"நாந்தான நிறுத்துனேன்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை நான் என்னவென்று எழுதுவேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்குத் தெரியவே தெரியாது. கீழே இறங்கி சகாயம் அண்ணனிடம் ஓடுவாள், சிரிப்பாள், இரவு தோசை சாப்பிடுவாள். திங்கட்கிழமை இதே இடத்தில் மும்தாஜ் டீச்சர் உட்கார்ந்திருப்பார், பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். அவருக்கு பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்றே தெரியாது.

"நான் மிதிச்சேன்," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். அவளுடைய வாக்கியம் அது. அதை என் வாயால் கேட்டதும் ஒரு கணம் புரியாமல் பார்த்தாள்.

"நீ லேட்டு சுகந்தி. நான் மிதிச்சேன்." நிறுத்த முடியவில்லை. "வீட்லயும் நாந்தான் மிதிச்சேன்."

அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் காலைப் படித்தவள்.

"டைமிங் அசிஸ்ட்டா?"

"ஆமா."

"எத்தன?"

"ஆறு."

"எப்ப இருந்து?"

"நீ அழுதன்னிக்கு இருந்து."

கண்ணாடி வழியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணக்குப் போடுவது போல, "அப்ப அந்த ரெண்டு நாளு... திரும்ப வருதுன்னு நான் செத்துச் செத்துப் பொழச்சனே..."

"கொறச்சு வச்சேன். உனக்குத் தெரியாம சரி பண்ணிறலாம்னு."

"ஆஸ்பத்திரிக்கு எங்கூட வந்தீங்க. எங்கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்க. அப்பவும் சொல்லல." அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "குழாய வுட வேணாம்னு உங்கட்ட சொன்னேன்ல. அப்பவும் சொல்லலைல."

"நீ அழுதா எனக்குத் தாங்கல சுகந்தி."

"தெரியும். உங்களுக்குத் தாங்கலைன்னுதான் செஞ்சீங்க."

கதவைத் திறந்து இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு பிடிக்காமல், புழுதியில் மெதுவாக வேப்பமரத்தை நோக்கி நடந்தாள். அவள் சகாயம் அண்ணனிடம் பேசுவதும், அவர் பீடியைக் கீழே போட்டு மிதிப்பதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வண்டியை வீட்டுக்கு சகாயம் அண்ணன்தான் ஓட்டினார். சுகந்தி முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சாம்பாரில் உப்பு இல்லை. யாரும் கேட்கவில்லை.

மும்தாஜ் டீச்சருக்கு அவளே ஃபோன் செய்தாள். "எங்காலு இன்னும் லேட்டு டீச்சர். உங்கள உக்கார வைக்க மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் டீச்சர் ரொம்ப நேரம் ஏதோ பேசினார். சுகந்தி சரி சரி என்று கேட்டுக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இஸ்திரி போட்ட சட்டை மறுபடி பீரோவுக்குள் போயிற்று. ஆனால் மடித்து அடியில் வைக்கவில்லை, ஹேங்கரில் மாட்டியிருக்கிறாள். பார்த்தேன்.

மே 2, வியாழன்

அவளே ரிமோட்டை எடுத்து, அவளே செட்டிங்ஸுக்குள் போனாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் விரல் தயங்கித் தயங்கி நகர்ந்தது. நான் உதவ எழுந்தேன். "உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன். தள்ளுகோலைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு ஆடினாள். அடி மேல் அடி. பஜ்ஜி போனது, அம்மிக்கல் போனது, ஜிகர்தண்டா போனது. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்காமல் ஆடினாள். நான் அடுப்படிக்குப் போகவில்லை. எழுந்து போக வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை.

மே 5, ஞாயிறு

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். ஒரு வாரத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு.

"டிஃபிகல்ட்டி நார்மல். அசிஸ்ட் மூணு. நான்தான் வச்சிருக்கேன். நீங்களும் பாத்துக்கங்க." திரையைக் காட்டினாள். மூன்று. "பூஜ்யத்துல எனக்கு ஒண்ணுமே மாட்டல. ஒண்ணும் மாட்டலைன்னா கத்துக்கவும் முடியாது. மூணுல ஆரம்பிச்சு இறக்குறேன்."

"சரி."

"பக்கத்துல உக்காருங்க. வளையம் வேகமாப் போகுது, நான் பாக்குறதுக்குள்ள முடிஞ்சிருது. நீங்க பாத்துச் சொல்லணும்."

உட்கார்ந்தேன். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். திரையில் புல் அசைந்தது, ஏதோ ஒரு கொம்பு வைத்த ஜந்து பாய்ந்தது. வளையம் சுருங்கியது. டக். ஜந்து அடித்துவிட்டது.

"லேட்டா?"

'இல்ல' என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

"லேட்டு," என்றேன்.

"எவ்வளவு?"

"கொஞ்சம். வியாழக்கிழமைக்கு இது கம்மி."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு நகர்ந்திருந்த பெடலை அவளே காலால் இழுத்து நேராக வைத்துக்கொண்டாள்.